தந்தை குடியை நிறுத்தினால் போதுமா? மீண்டு வரும் குடும்பங்களில் பதின்பருவப் பிள்ளைகளைக் காப்பது எப்படி

பெங்களூரு: மதுப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறும் ஒருவரின் மருத்துவக் கோப்பில் அவருடைய பெயர், வயது, எத்தனை ஆண்டுகளாகக் குடிக்கிறார், கல்லீரலின் நிலை என்ன என்பன போன்ற விவரங்கள் இருக்கும். அவருடைய வீட்டில் 13 அல்லது 14 வயதில் ஒரு மகனோ மகளோ இருந்தால், அந்தப் பிள்ளையைப் பற்றி அந்தக் கோப்பில் பெரும்பாலும் ஒரு வரிக்கு மேல் இருப்பதில்லை. ஆனால், அடுத்த தலைமுறையில் இதே நோய் தலைதூக்கும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட அதிகமாக உள்ள வீடு அதுதான்.

தந்தையோ தாயோ போதையிலிருந்து மீளத் தொடங்கும் மாதங்கள், பிள்ளையைப் பாதுகாப்பதற்கும் உகந்த காலம் என்று உலக அளவிலான ஆய்வுகள் சுட்டிக்காட்டுகின்றன. குடும்பம் முழுவதும் சிகிச்சை அமைப்புடன் தொடர்பில் இருக்கும் அந்தக் குறுகிய காலத்தை இந்தியா எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறது என்ற கேள்வி, பீன்யா போன்ற தொழிற்பகுதிகளில் கூடுதல் அழுத்தத்துடன் எழுகிறது.

தொழிற்பேட்டையின் பின்னணி

பெங்களூருவின் வடமேற்கே, துமகூரு சாலையை ஒட்டி அமைந்துள்ள பீன்யா, ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. இயந்திர உதிரி பாகங்கள், மின்முலாம் பூசுதல், ஆயத்த ஆடை எனச் சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகள் இங்கு நெருக்கமாக இயங்குகின்றன. கர்நாடகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா, பிகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் இப்பகுதியில் பணிபுரிகின்றனர்.

இத்தகைய பகுதிகளில் தந்தை ஒரு ஷிப்டிலும் தாய் ஆயத்த ஆடை ஆலையிலும் வேலை பார்ப்பது வழக்கம். பள்ளி முடிந்து பிள்ளை வீடு திரும்பும் நேரத்துக்கும் பெற்றோர் வந்து சேரும் நேரத்துக்கும் இடையே சில மணி நேரம் வீட்டில் பெரியவர்கள் இருப்பதில்லை. சொந்த ஊரில் இருந்தால் அந்த நேரத்தில் பாட்டியோ சித்தியோ பார்த்துக்கொள்வார்கள். பிழைப்புக்காக வந்த இடத்தில் அந்த வசதி பலருக்கு இல்லை. பெற்றோரில் ஒருவர் குடியிலிருந்து அப்போதுதான் மீண்டவராகவும் இருந்தால், பிள்ளையின் மீதான கவனம் இன்னும் குறைகிறது.

எண்கள் சொல்வது என்ன?

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு 2019ஆம் ஆண்டு வெளியானது. இதன்படி, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் 14.6 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். அவர்களில் 5.7 கோடிக்கும் அதிகமானோரின் குடிப்பழக்கம் உதவி தேவைப்படும் நிலையை எட்டியுள்ளது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே.

அதே அறிக்கையில் பெற்றோர் கவனிக்க வேண்டிய மற்றொரு தகவலும் உள்ளது. பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்படும் ஒரே போதை வகை, முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் பொருட்கள்தான். பெரியவர்களில் 0.58 சதவீதம் பேரும் 18 வயதுக்கு உட்பட்டோரில் 1.17 சதவீதம் பேரும் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். தின்னர், பசை, பெயிண்ட் போன்றவை பட்டறைகள் நிறைந்த பகுதியில் அன்றாடப் பொருட்கள். அவற்றைத் தடை செய்ய இயலாது. எனவே, பிள்ளை யாருடன் பழகுகிறது, மாலை நேரத்தை எங்கே கழிக்கிறது என்று வீட்டில் இருப்பவர்கள் அறிந்திருப்பதே முதல் தடுப்பாகிறது.

குழந்தைகளிடையே போதைப் பழக்கம் குறித்துத் தேசிய ஆய்வு நடத்துமாறும் தேசியச் செயல்திட்டம் வகுக்குமாறும் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 'பச்பன் பச்சாவ் ஆந்தோலன்' அமைப்பு தொடர்ந்த வழக்கில் அந்தத் தீர்ப்பு வெளியானது.

பரம்பரையும் வளர்ப்பும்

மது அடிமைத்தனம் ஏற்படுவதில் மரபணுக்களின் பங்கு ஏறக்குறைய பாதி என்று இரட்டையர்களிடமும் தத்துப் பிள்ளைகளிடமும் நடத்தப்பட்ட ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. குடி நோயாளிகளின் பிள்ளைகளுக்கு அந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 4 மடங்கு அதிகம் என்று அமெரிக்கக் குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினர் மனநல மருத்துவக் கழகம் கூறுகிறது. எனினும், அத்தகைய பிள்ளைகளில் பெரும்பாலானோர் குடி நோயாளிகளாக ஆவதில்லை. அதிக வாய்ப்பு என்பது தலைவிதி அல்ல என்பதை இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி பெங்களூருவிலேயே நடந்துள்ளது. தேசிய மனநல மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனத்தின் (நிம்ஹான்ஸ்) மனநல மருத்துவர் விவேக் பெனகல் குழுவினர் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, மது அடிமைத்தனம் வரும் வாய்ப்பு அதிகமுள்ள குடும்பங்களைச் சேர்ந்தவர்களின் மூளையை ஆராய்ந்தது. அவர்களுடைய மூளையின் சில பகுதிகளில் சாம்பல் நிறத் திசுவின் அளவு குறைவாக இருந்தது. முன்பின் யோசிக்காமல் செயல்படுவது, அடங்காமை, கவனச் சிதறல் போன்ற இயல்புகளுக்கும் அதற்கும் தொடர்பு காணப்பட்டது. இந்த இயல்புகள் குழந்தைப் பருவத்திலேயே தென்படக்கூடியவை என்பதால், குடிக்கத் தொடங்கும் வயதுக்கு முன்பே உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காண முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது. பின்னர் இந்தியாவின் 7 மையங்களில் 6 முதல் 23 வயது வரையிலான ஏறத்தாழ 10,000 பேரைப் பின்தொடரும் 'சி-வேதா' எனும் இந்திய-பிரிட்டன் கூட்டு ஆய்வும் தொடங்கியது.

குடிக்கத் தொடங்கும் வயதும் முக்கியமானது. 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்கள் பிற்காலத்தில் மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பு, 21 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களைவிடச் சுமார் 4 மடங்கு அதிகம் என்று 1990களில் அமெரிக்காவில் நடந்த பெரிய அளவிலான ஆய்வு கண்டறிந்தது. ஆகவே, பதின்பருவத்தில் முதல் குவளையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுவதேகூடப் பயனுள்ள தடுப்பு நடவடிக்கைதான்.

குடி நின்ற வீட்டில் நடப்பது

தந்தை குடியை நிறுத்தினால் பிள்ளைகளின் நிலை மேம்படும் என்பதற்கு ஆய்வுச் சான்று உள்ளது. ருடால்ஃப் மூஸ், ஆண்ட்ரூ பில்லிங்ஸ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1982ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், குடியிலிருந்து மீண்டவர்களின் பிள்ளைகள் மற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இணையான மனநலத்துடன் இருந்தனர். மீண்டும் குடிக்கத் தொடங்கியவர்களின் பிள்ளைகளிடமோ பதற்றமும் மனச்சோர்வும் அதிகமாகக் காணப்பட்டன.

இந்த முன்னேற்றம் உடனடியாக வருவதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்டெஃபனி பிரவுன், வர்ஜினியா லூயிஸ் இருவரும் மீண்டு வரும் குடும்பங்களை நீண்டகாலம் ஆராய்ந்து, 1999ஆம் ஆண்டு தங்கள் நூலில் வேறொரு சித்திரத்தைத் தந்தனர். குடி நின்ற தொடக்கக் காலம் குடும்பத்துக்குக் குழப்பமும் அதிர்ச்சியும் நிறைந்தது என்பது அவர்களுடைய முடிவு. அதுவரை குடியைச் சுற்றியே அமைந்திருந்த வீட்டின் ஒழுங்கு சட்டென்று கலைகிறது. புதிய ஒழுங்கு உருவாகக் காலம் பிடிக்கிறது. மீள்பவரின் கவனம் முழுவதும் குடிக்காமல் இருப்பதிலேயே குவிந்திருப்பதால், பிள்ளைகள் மறுபடியும் கவனிப்பாரற்றுப் போகக்கூடும்.

இந்தியக் குடும்பங்களிலும் இதை எளிதில் உணரலாம். தந்தை குடித்த ஆண்டுகளில் தம்பி தங்கையரைக் கவனித்து, தாய்க்கு ஆறுதல் சொல்லி, வீட்டின் பெரிய மனிதராக நடந்துகொண்ட மகனுக்கு, தந்தை தெளிந்த பிறகு அந்த இடம் பறிபோகிறது. பல ஆண்டுகள் எதையும் கேட்காதவர் திடீரென்று "எங்கே போனாய், ஏன் நேரமாயிற்று" என்று கேட்கும்போது, "இத்தனை நாள் நீங்கள் எங்கே இருந்தீர்கள்" என்ற எதிர்க்கேள்வி எழுவது இயல்பு. வீடு பாதுகாப்பானது என்று உறுதியான பிறகே அடக்கி வைத்திருந்த கோபம் பிள்ளையிடமிருந்து வெளிப்படுகிறது. பெற்றோர் அதைத் திமிர் என்று புரிந்துகொண்டால், பிள்ளை வெளியே ஆறுதல் தேடத் தொடங்கும். போதை எளிதாக நுழையும் வாசல்களில் இதுவும் ஒன்று.

குடும்பத்தோடு சேர்ந்து பயிற்சி

இத்தகைய வீடுகளுக்காகவே உருவான திட்டம், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரல் கம்ப்ஃபர் 1980களில் வடிவமைத்த 'குடும்பங்களை வலுப்படுத்தும் திட்டம்'. போதை சிகிச்சை பெற்றுவந்த பெற்றோரையும் அவர்களுடைய பிள்ளைகளையும் மனத்தில் கொண்டு அது தொடங்கப்பட்டது. வாரம் ஒரு முறை என 14 வாரங்கள் குடும்பம் ஓரிடத்தில் கூடும். முதல் ஒரு மணி நேரம் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனி வகுப்பு. அடுத்த ஒரு மணி நேரம் அனைவரும் ஒன்றாக அமர்ந்து, கற்றதைப் பழகிப் பார்ப்பார்கள். பெற்றோருக்கு மட்டும் பயிற்சி அளிப்பதைவிட, குடும்பம் சேர்ந்து அமரும் பகுதியும் இருந்தபோதுதான் பலன் முழுமையாக இருந்தது.

வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில் 1990களில் நடந்த மற்றொரு முயற்சி, அளவான எதிர்பார்ப்பின் அவசியத்தை உணர்த்துகிறது. ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன் சிகிச்சை பெற்ற பெற்றோரைக் கொண்ட 130 குடும்பங்கள் அதில் பங்கேற்றன. வகுப்புகளுடன், பணியாளர்கள் வீட்டுக்கே சென்று உதவும் ஏற்பாடும் இருந்தது. ஓராண்டுக்குப் பிறகு பெற்றோரின் நிலையில் முன்னேற்றம் தெரிந்தது. பத்தாண்டுக்கும் மேல் கழித்துப் பிள்ளைகளை மீண்டும் சந்தித்தபோது, ஒட்டுமொத்தமாகப் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆண் பிள்ளைகளிடம் மட்டும் போதை நோய் வரும் வாய்ப்பு குறைந்திருந்தது. குடும்பப் பயிற்சி மந்திரக்கோல் அல்ல என்பதையும், பெண் பிள்ளைகளின் தேவை வேறாக இருக்கலாம் என்பதையும் இந்த முடிவு உணர்த்துகிறது.

ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார அமைப்பும் 2018ஆம் ஆண்டு இணைந்து வெளியிட்ட சர்வதேசத் தடுப்புத் தரநிலைகள், பெற்றோருக்கும் பிள்ளைகளுக்குமான குடும்பத் திறன் பயிற்சியை நல்ல சான்றுள்ள வழிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகின்றன. அச்சுறுத்தும் சொற்பொழிவுகளும், பழக்கத்திலிருந்து மீண்டவர்களைப் பள்ளி மேடையில் ஏற்றி அனுபவம் பேச வைப்பதும் பலன் தருவதில்லை என்றும் அவை எச்சரிக்கின்றன.

கடந்த காலத்தைச் சொல்வதா, மறைப்பதா?

மீண்டு வரும் பெற்றோரை வாட்டும் கேள்வி இது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஜெனிஃபர் காம், ஆஷ்லி மிடில்டன் ஆகியோர் 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் நடத்தி 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, எதிர்பாராத முடிவைத் தந்தது. பெற்றோர் தாங்கள் முன்பு பயன்படுத்திய போதை பற்றிப் பேசிய வீடுகளில், பிள்ளைகளிடம் போதைக்கு எதிரான எண்ணம் சற்றுக் குறைவாகவே இருந்தது. "அப்பாவும் குடித்தார், இப்போது நன்றாகத்தானே இருக்கிறார்" என்று பிள்ளை எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஆனால், அந்த ஆய்வு பொதுவான குடும்பங்களைப் பற்றியது. தந்தை விழுந்து கிடந்ததையும் தாய் அழுததையும் கண்ணால் கண்ட பிள்ளையிடம் மறைப்பதற்கு எதுவும் இல்லை. அங்கே மௌனம் காத்தால், நடந்தது வெட்கக்கேடு என்றோ தன்னால்தான் நடந்தது என்றோ பிள்ளை முடிவுகட்டிக்கொள்ளும். எனவே, சொல்வதா வேண்டாமா என்பதைவிட எதைச் சொல்வது என்பதே இங்கு முக்கியம். பழைய நாட்களின் கதைகளைத் தவிர்த்து, மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொல்லலாம்: இது ஒரு நோய், இதற்குக் காரணம் நீ அல்ல, நம் குடும்பத்தில் இது இருப்பதால் மற்ற பிள்ளைகளைவிட நீ கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நீரிழிவு உள்ள குடும்பங்கள் இனிப்பைப் பற்றிப் பேசுவது போன்ற பேச்சுதான் இது.

வீட்டில் கடைப்பிடிக்கக்கூடியவை

குடும்பத் திட்டங்கள் பலவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் அம்சங்களுக்குப் பெரும் செலவு எதுவும் இல்லை. பிள்ளை எங்கே, யாருடன், எப்போது திரும்பும் என்று நாள்தோறும் கேட்பது, நாளில் ஒரு வேளையாவது சேர்ந்து உண்பது, மதுவும் புகையிலையும் கூடாது என்ற விதியை வாய்விட்டுச் சொல்வது, விதியை மீறினால் அடி உதை இல்லாத, முன்பே பேசி வைத்த விளைவு, நல்லது செய்யும்போது பாராட்டு ஆகியவை அவற்றில் அடங்கும். விசேஷங்களில் விருந்தினருக்காக மது வாங்கி வைப்பதையும் பெட்டிக்கடைக்குப் பிள்ளையை பீடி வாங்க அனுப்புவதையும் விட்டுவிட வேண்டும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. குழந்தைக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு, 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவின்கீழ் 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கர்நாடக அரசு தனது சட்டத் திருத்தத்தின் மூலம் புகையிலைப் பொருள் வாங்குவதற்கான குறைந்தபட்ச வயதை 21 ஆக உயர்த்தியுள்ளது.

மீண்டு வரும் குடும்பத்துக்கு மட்டுமே உரிய ஒரு தேவையும் உண்டு. தந்தை மறுபடியும் குடித்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். மறுசறுக்கல் இந்நோயில் அரிதல்ல. அந்த இரவில் பிள்ளை யாருடைய வீட்டுக்குப் போகும், யாருக்குத் தொலைபேசியில் சொல்லும், மறுநாள் பள்ளிக்கு யார் அனுப்புவார் என்ற விடைகள் தயாராக இருந்தால் பயம் பாதியாகக் குறையும். தந்தையின் சட்டைப் பையைச் சோதிப்பதும் வாயை முகர்ந்து பார்ப்பதும் பிள்ளையின் வேலை அல்ல என்பதையும் அதே பேச்சில் உறுதி செய்ய வேண்டும்.

இந்தியாவில் உள்ள அடித்தளம்

குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்ப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. மது நோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980ஆம் ஆண்டு சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். நோயாளியுடன் குடும்பத்தாருக்கும் தனிச் சிகிச்சைத் திட்டம் தேவை என்பதை அந்த மையம் தொடக்கம் முதலே வலியுறுத்தியது. அவருக்கு 1992ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. குடி நோயாளிகளின் உறவினருக்காக 1951ஆம் ஆண்டு தொடங்கிய 'அல்-அனான்', பதின்பருவத்தினருக்காக 1957ஆம் ஆண்டு தொடங்கிய 'அலட்டீன்' ஆகிய குழுக்களின் முறையும் உலகின் பல நாடுகளில் பரவியுள்ளது.

மத்திய அரசு 2020 ஆகஸ்ட் 15ஆம் தேதி 272 மாவட்டங்களில் தொடங்கிய 'நஷா முக்த் பாரத்' இயக்கம், பள்ளி, கல்லூரி மாணவர்களிடம் விழிப்புணர்வைக் கொண்டுசெல்கிறது. ஆனால், பொது விழிப்புணர்வு எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றுபோலப் பார்க்கிறது. பெற்றோர் சிகிச்சையில் உள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் உதவி சென்று சேர, சிகிச்சை மையத்துக்கும் பள்ளிக்கும் இடையே பாலம் தேவை. தந்தையின் நோய் வகுப்பறையில் தெரிந்துபோனால் பிள்ளைக்கு அவப்பெயர் ஏற்படும் என்பதால், பெற்றோரின் ஒப்புதலும் ரகசியக் காப்பும் இன்றி அந்தப் பாலத்தைக் கட்ட முடியாது.

பீன்யாவில் சாத்தியமானவை

நிம்ஹான்ஸ் வளாகம் நகரின் மறுபுறத்தில், ஓசூர் சாலையில் உள்ளது. தொழிலாளி ஒருவர் மனைவி, பிள்ளையுடன் அங்கு சென்று திரும்ப இருவரின் ஒரு நாள் கூலியும் பிள்ளையின் ஒரு நாள் பள்ளியும் செலவாகும். 14 வாரங்கள் தொடர்ந்து அவ்வாறு வருமாறு கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. பயிற்சிதான் குடும்பத்தைத் தேடிப் போக வேண்டும்.

அதற்கான இடங்கள் இல்லாமல் இல்லை. தொழிலாளரின் குடும்பத்துக்கும் மருத்துவ உரிமை வழங்கும் ஈ.எஸ்.ஐ. அமைப்பு இப்பகுதியில் உள்ளது. பெங்களூருவின் வார்டுகளில் 2023ஆம் ஆண்டு முதல் 'நம்ம கிளினிக்' மையங்கள் திறக்கப்பட்டுள்ளன. வார விடுமுறை நாளில், ஷிப்டுக்கு ஏற்ற நேரத்தில், இந்த வளாகங்களில் ஒன்றிலோ ஓர் அரசுப் பள்ளியிலோ குடும்ப அமர்வுகளை நடத்த முடியும். மொழியும் கவனத்துக்கு உரியது. பெற்றோர் தமிழில் சிந்திக்க, பிள்ளை கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கும் வீடுகள் இங்கு உண்டு. இருவரும் மனம் திறக்கக்கூடிய மொழியில் அமர்வு நடக்காவிட்டால், பிள்ளையே மொழிபெயர்ப்பாளராகி மறுபடியும் பெரியவரின் சுமையைத் தூக்க நேரிடும்.

தொழிற்சாலை நிர்வாகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. குடித்துவிட்டு வந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கினால் அந்தக் குடும்பம் சிகிச்சையிலிருந்தும் விலகிப் போகிறது. சிகிச்சைக்கு விடுப்பு அளித்து, மீண்டவருக்குச் சில மாதங்கள் இரவு ஷிப்டிலிருந்து விலக்கு தந்தால், பிள்ளை வீட்டில் தனித்திருக்கும் நேரம் குறையும்.

இவை எல்லாவற்றுக்கும் முதற்படி எளிமையானது. சிகிச்சைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் வீட்டில் பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு, விடையைக் கோப்பில் பதிவு செய்வதுதான் அது. பெயரே பதிவாகாத பிள்ளைக்கு எந்தத் திட்டமும் சென்று சேராது.

உதவி தேவைப்படும் குடும்பங்கள் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் 24 மணி நேரமும் மனநல ஆலோசனை தரும் டெலி-மானஸ் சேவையின் 14416, குழந்தைகளுக்கான 1098 ஆகிய கட்டணமில்லா எண்களை அழைக்கலாம்.